குரோமியம் 210-லிருந்து 172: மண்ணில் தானாகக் குறையுமா?

ஆம்பூரான்:
ஆம்பூர் பக்கம் பாலாற்றை ஒட்டி ஒரு ஏக்கர் இருக்கிறது. 1996-இல் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதற்கு முன்னால், அப்பா காலத்தில், கழிவு கலந்த தண்ணீர்தான் பாய்ந்தது. 2015-இல் மண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது மொத்தக் குரோமியம் 210 பி.பி.எம். (கிலோ மண்ணில் 210 மி.கி.), 2024-இல் அதே லேபில் 172. 9 வருடத்தில் 38 இறங்கியிருக்கிறது, இதே வேகத்தில் போனால் இன்னும் 17 வருடத்தில், பயமில்லை என்று நான் வைத்திருக்கும் 100-க்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

கரிசல்காட்டான்:
17 வருடமெல்லாம் எதற்குங்க? ஆர்கானிக் சான்றிதழுக்கே பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம்தான் கேட்கிறார்கள். தொழு உரம் போட்டு விடுங்கள், விஷமெல்லாம் செத்துவிடும்.

மண்ணாங்கட்டி:
கரிசல் அண்ணா, அது பூச்சிமருந்துக்குச் சரி, இதற்கு ஆகாது. குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்தை நுண்ணுயிர்கள் உடைக்கும், அதனால் அரை ஆயுள் கணக்கு போடலாம்: 60 நாள் என்று வைத்தால் 60 நாளில் பாதி, 120 நாளில் கால். குரோமியம் தனிமம், அதை எதுவும் உடைக்காது. மண்ணை விட்டு வெளியே போனால்தான் அளவு குறையும்.

எங்கே போகும்? தோல் பதனிடுவதில் வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு மழைக்குக்கூட நகராது. கழிவோடு வந்த உப்பு அப்படியில்லை, நல்ல மழைக்குக் கீழே இறங்கிவிடும், பயிர் பச்சை கட்டும், நாம் மண் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பயிர் எடுப்பதும் சொற்பம். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 850 டன், அதில் 1 பி.பி.எம். குறைய 850 கிராம் குரோமியம் வெளியேற வேண்டும். 2 டன் உலர்ந்த தீவனத்தில் கிலோவுக்கு 5 மி.கி. இருந்தாலும் போவது 10 கிராம்தான்.

வரவையும் பாருங்கள். லிட்டருக்கு 0.1 மி.கி. உள்ள தண்ணீரை வருடம் 1000 மி.மீ. பாய்ச்சினால் சேர்வது சுமார் 400 கிராம், அதாவது அரை பி.பி.எம்.கூட இல்லை. அந்தக் கணக்கில் 210 வரவே வராது, உங்கள் நிலத்தில் கழிவுச் சேறே நேராக விழுந்திருக்க வேண்டும். சரி, 38 எங்கே போச்சு? இரண்டு முறையும் ஒரே ஆழமா? நடுவில் வெளி மண் ஏதாவது அடித்தீர்களா?

ஆம்பூரான்:
சேறு விழுந்தது உண்மைதான், உரம் என்று சொல்லி அப்பா வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். ஆழம் இரண்டு முறையும் அரை அடிக்குக் கொஞ்சம் கம்மி, 15 செ.மீ. இருக்கும். வெளி மண் என்றால், 2019-இல் ஏரி வண்டல் 40 டிராக்டர் அடித்து ரோட்டவேட்டர் ஓட்டினோம். அதுவா காரணம்?

மண்ணாங்கட்டி:
அதேதான். டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்றால் 120 கன மீட்டர், ஒரு ஏக்கரில் பரப்பினால் 3 செ.மீ. உயரம். இப்போது நீங்கள் எடுத்த 15-இல் 3 புது வண்டல், 12 பழைய மண். 210-இல் ஐந்தில் நான்கு 168, வண்டலில் 30 பி.பி.எம். இருந்தால் 6, மொத்தம் 174. உங்கள் 172 அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. குரோமியம் குறையவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது, மிச்சம் கீழே அப்படியே இருக்கிறது. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போட்டால் இப்படித்தான் ஏமாற்றும்.

வேலிக்காத்தான்:
அடுத்த முறை வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடத்தில் V போல வெட்டி எடுத்துக் கலந்து கொடுங்கள். 15-30 செ.மீ. ஆழத்தில் தனியாக ஒரு மாதிரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கிறது, மர அகப்பை போதும். கழிவு படாத மேட்டு நிலத்திலும் ஒன்று எடுங்கள், பாறையைப் பொறுத்து இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும், 100 என்பது உங்கள் மண்ணுக்குப் பொருந்துமா என்று அப்போதுதான் தெரியும். மண்வள அட்டையில் இதைப் பார்க்க மாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும்.

ஆம்பூரான்:
அப்போ அந்த வண்டலையும் பார்க்கணும் போல, அந்த ஏரிக்கும் மேலே ஒரு தொழிற்சாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அகப்பையோடு போகிறேன். வீட்டில் சமையலுக்கு வேறு வாங்கித் தரணும்.