ஏவ்பரி கல்வட்டத்தில் நான் கண்டவை

இங்கிலாந்தில் நெடுங்கற்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சென்று, கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே வில்ட்ஷயரில், சற்று வடக்கே உள்ள ஏவ்பரியில் கற்களுக்கு இடையே நடக்கலாம், அவற்றைத் தொடலாம். வட்டத்திற்குள் ஒரு கிராமமே இருக்கிறது. நடுவே சாலை ஓடுகிறது, மதுக்கூடமும் உண்டு. கற்களை ஒட்டிச் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. சார்சன் எனப்படும் கடினமான மணற்கல்லால் ஆன, உளிபடாத அந்தக் கற்களில் சில 40 டன் எடைகூட இருக்கும் என்கிறார்கள். 4,000 ஆண்டுகளுக்கும் முன்னர் வட்டத்தைச் சுற்றி மான் கொம்புகளால் தோண்டிய அகழி, பாதிக்கு மேல் தூர்ந்த பின்னும், ஓரத்தில் நின்றவனை ஒரு அடி பின்வாங்க வைத்தது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது கல் இல்லாத இடங்களில்தான். வெளிவட்டத்தில் ஏறத்தாழ 100 கற்கள் இருந்தனவாம். இன்று நிற்பவை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இடைக்காலத்தில் பலவற்றைச் சாய்த்துப் புதைத்தார்கள். பின்னர் வந்தவர்கள் நெருப்பில் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இந்த அழிவை நேரில் கண்டு எழுதிவைத்தவர் வில்லியம் ஸ்டூக்லி. இது தெரிந்த பிறகு, ஊர் வீடுகளின் சுவர்களையும் கல்வட்டத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கத் தோன்றியது.

1930களில் மார்மலேட் என்னும் பழப்பாகு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கீலர் இந்த நிலத்தை வாங்கி, புதைந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். உடைந்து போனவற்றின் இடத்தில் சிறு கான்கிரீட் தூண்களை நட்டார். 1938இல் ஒரு கல்லுக்கு அடியில் கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டு நாணயங்களும் கொண்ட ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவரை நாவிதராகவும் மருத்துவராகவும் கருதுகிறார்கள். இந்தப் பணிக்காகக் கீலர் சில குடியிருப்புகளை இடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கற்களை உடைத்து வீடு கட்டிய ஊரில், கற்களுக்காக வீடுகளை இடிப்பது என்ன நியாயம்? அந்தக் கான்கிரீட் தூண்கள் அழகற்றவை என்று சிலர் குறைகூறுகிறார்கள். போலிக் கல்லை நட்டு ஏமாற்றாமல் விட்டதே நல்லது என்பது என் கருத்து.

செல்கிறவர்கள் வட்டத்தோடு திரும்பிவிடாமல், தெற்கே இரு வரிசையாகக் கற்கள் நிற்கும் மேற்குக் கென்னட் பாதையிலும் நடக்க வேண்டும். மழைக்குப் பின் புல்வெளி வழுக்கும். ஆட்டுப் புழுக்கையும் ஏராளம். ஆகவே நல்ல காலணி அவசியம்.