அலைகாட்டியின் (ஆசிலாஸ்கோப்) நான்கு சேனல் செருகு பெருக்கி: ‘சாப்’, ‘ஆல்டர்னேட்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்

> சாப் முறைக்கு ‘வெட்டுமுறை’ என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா. அலைகாட்டியின் ஒரே எலக்ட்ரான் கதிர் நான்கு சிக்னல்களையும் வரைய இரண்டு முறைகள்: சிறு சிறு நேரத்துண்டுகளாக மாறிமாறி வரைவது சாப், ஒன்றை முழுதாக வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போவது ஆல்டர்னேட். ‘வெட்டு’ என்றதும் அலையின் தலையைச் சீவும் கிளிப்பர் சுற்றுத்தான் நினைவுக்கு வரும். சாப் முறையில் அலையின் உயரத்தை யாரும் தொடுவதில்லை, நேரம்தான் துண்டுபடுகிறது. பெயரைச் சுற்றிலிருந்தே எடுப்போம்.

ஒவ்வொரு சேனலுக்கும் சிக்னலை அளவாகக் குறைக்கும் தனி அட்டெனுவேட்டர், சிக்னல் மூலத்துக்குச் சுமையாகாத சோர்ஸ் ஃபாலோயர், புஷ்-புல் பெருக்கி. அதன்பின் டயோடுகளால் ஆன சுவிட்ச், அதாவது டயோடு கேட். முறை வந்த சேனலில் தொடர் டயோடுகள் கடத்த, சிக்னல் மின்னோட்டம் பொது வெளியீட்டு நிலைக்குப் போகிறது. மற்ற மூன்றிலும் தொடர் டயோடுகள் அடைபட்டு, கிளை டயோடுகள் அந்த மின்னோட்டத்தை வேறு வழியில் இறக்கிவிடுகின்றன. மின்னோட்டம் நிற்பதே இல்லை, வழிதான் மாறுகிறது. வயலுக்கு மடை மாற்றுவதும் இப்படித்தான். ‘வாயில்’ என்றால் எஃப்இடி டிரான்சிஸ்டரின் கேட் முனையோடு குழம்பும். டயோடு கேட்டுக்கு ‘மடைமாற்றி’ என்பேன்.

மாறும் நேரத்தை, துடிப்புக்கு ஒரு சேனலாகச் சுற்றிவரும் வளையக் கவுன்ட்டர் தீர்மானிக்கிறது. அதைத் தானாக ஓடும் துடிப்பாக்கியான மல்டிவைப்ரேட்டர் தள்ளினால் சாப். கதிர் திரையை ஒருமுறை குறுக்கே கடக்கும் ஸ்வீப்பின் முடிவில், அதை ஓட்டும் டைம்பேஸ் சுற்று அனுப்பும் துடிப்பு தள்ளினால் ஆல்டர்னேட். மற்றபடி சுற்று ஒன்றே. பெயர்களும் இணையாக இருக்கட்டும்: துண்டுமாற்று, நடைமாற்று.

---

> துண்டுமாற்று, நடைமாற்று

‘துண்டுமாற்று’ மிகப் பொருத்தம், திரையில் தெரிவதும் அதுவே. கவுன்ட்டர் 1 மெகாஹெர்ட்ஸில் நகர்ந்தால் ஒரு சேனலுக்கு 1 மைக்ரோவினாடி வேலை, 3 மைக்ரோவினாடி காத்திருப்பு. திரையின் ஒரு கட்டத்துக்கு 1 மில்லிவினாடி ஸ்வீப்பில் அந்தக் கட்டத்துள் சேனலுக்கு 250 துண்டுகள், கண்ணுக்கு முழுக்கோடு. 10 மைக்ரோவினாடிக்கு இறங்கினால் இரண்டு, மூன்று துண்டுகள்தான். அடுத்தடுத்த ஸ்வீப்கள் இடைவெளியை நிரப்பும் என்று நம்பலாம், ஆனால் ஸ்வீப்பைத் தொடக்கிவைக்கும் ட்ரிகரை மடைமாற்றிக்குப் பின்னால் எடுத்தால் ஸ்வீப் சேனல் மாறும் தாவல்களையே பிடித்துக்கொள்ளும்; துண்டுகள் அசையாமல் நிற்கும். ட்ரிகரை முதல் சேனலில், மடைமாற்றிக்கு முன்பே பிரித்தெடுக்க வேண்டும். தாவும் கணத்தில் கதிரை அணைக்கும் துடிப்பு போகாவிட்டால் கோடுகளுக்கு இடையே மங்கல் படரும். அந்தத் துடிப்புக்கு ‘மறைதுடிப்பு’ போதும்.

‘நடைமாற்று’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மடைமாற்றி, நடைமாற்று இரண்டையும் வகுப்பில் வாயால் சொல்லிப் பாருங்கள், மாணவர் தவறாகவே எழுதுவார். ஒரு கோட்டை முழுதாக வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போவதால் ‘வரிமாற்று’ என்போம். அதன் குறையும் பெயரிலேயே விளங்கும்: கட்டத்துக்கு 10 மில்லிவினாடி, பத்துக் கட்டம் என்றால் ஒரு வரிக்கு 100 மில்லிவினாடி. நான்கு வரிகள் சுற்றிவரக் குறைந்தது 400, திரை சிமிட்டும். அங்கே துண்டுமாற்றுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

---

வரிமாற்று எனக்கும் சம்மதம். விளக்கத்தில் ஒன்றைச் சேருங்கள்: வரிமாற்றில் ட்ரிகரும் சேனலோடு சேர்ந்து மாறினால் ஒவ்வொரு வரியும் தன் சிக்னலிலேயே தொடங்கும். நான்கும் ஒரே நேரத்தில் எழுவதுபோல் தெரியும். அதில் சிக்னல்களுக்கு இடையிலான ஃபேஸ் வேறுபாட்டை அளக்கக் கூடாது.