கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் முதல் வகுப்பு: எங்கிருந்து தொடங்கலாம்?

காரைக்குடி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இந்த செமஸ்டர் இரண்டாம் ஆண்டுக்கு டிஜிட்டல் பிரின்சிபிள்ஸும் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனும் சேர்ந்த பேப்பர் எனக்கு வந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால், முதல் இரண்டு யூனிட் கேட், ஃப்ளிப்-ஃப்ளாப் போன்ற சிறு சர்க்யூட்கள் என்றே போய்விடுகிறது. மூன்றாவது யூனிட்டில்தான் கம்ப்யூட்டரே உள்ளே வருகிறது. அதற்குள் பிள்ளைகள் கே-மேப் (லாஜிக் சமன்பாட்டைச் சுருக்கும் கட்டப் படம்) போட்டுப் போட்டுக் களைத்துவிடுகிறார்கள். வரும் திங்கட்கிழமை அந்த மூன்றாவது யூனிட்டைத் தொடங்குகிறேன்.

வகுப்பில் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், சிங்கம்புணரி என்று எல்லாம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பாதிக்கு மேல் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். சி நன்றாக எழுதுகிறார்கள், பைத்தானும் வரும். இந்தப் பேப்பருக்கு மட்டும் "டயகிராமைப் படித்தால் பாஸ்தானே மேடம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. இதில் எவ்வளவு அழகு இருக்கிறது என்று யாராவது காட்டியிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு யோசனை வைத்திருக்கிறேன். ஒன்று, அபாகஸ் தொடங்கி தலைமுறை தலைமுறையாக வரலாறு. இன்னொன்று, நம்ம ஊர் வீட்டை வைத்து மெமரியைச் சொல்வது: முகப்பு ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ளேயே ஓர் எண் தங்கும் இடம்), வளவு கேஷ் (அதை ஒட்டிய சிறிய, வேகமான மெமரி), இரண்டாம் கட்டு ரேம் (முதன்மை மெமரி), கல்யாணச் சாமான் அடுக்கிய உள்ளறை ஹார்ட் டிஸ்க். 50 நிமிடப் பீரியட், ஒரு ப்ரொஜெக்டர், என் லேப்டாப். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

செக்காலை வாத்தியார்:

அம்மா, 8085 மைக்ரோப்ராசஸர் கிட் காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை இந்தப் பேப்பரை நடத்தியவன் நான். வரலாற்றையும் வீட்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் திரையில் ஒரு புரோகிராம் ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த புரோகிராமாக இருக்க வேண்டும். ஓடும்போது அவர்கள் நினைக்காத ஒன்று நடக்க வேண்டும்.

4096 வரிசை, 4096 நெடுவரிசை உள்ள ஓர் இன்டிஜர் அரே. எல்லா எண்ணையும் கூட்ட வேண்டும். முதலில் வரிசை வரிசையாகக் கூட்டுங்கள். அப்புறம் வெளி ஃபார் லூப்பையும் உள் ஃபார் லூப்பையும் இடம் மாற்றி, நெடுவரிசை நெடுவரிசையாகக் கூட்டுங்கள். இரண்டிலும் ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் கூட்டல், விடையும் ஒன்றே. ஓட்டுவதற்கு முன்னால் எது சீக்கிரம் முடியும் என்று கை தூக்கச் சொல்லுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், ஆர்டர் ஆஃப் என் ஸ்கொயர்" என்பார்கள். எத்தனை கூட்டல் என்பதை மட்டும் எண்ணி, டேட்டா ஸ்ட்ரக்சரில் அப்படித்தானே படிக்கிறார்கள். சரி, ஓட்டுங்கள். இரண்டாவது பல மடங்கு நேரம் எடுக்கும். எத்தனை மடங்கு என்பது மெஷினைப் பொறுத்தது, ஆனால் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற வித்தியாசமாக இருக்கும்.

அந்த இடத்தில் தயவுசெய்து விளக்கத்தை ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்கள் பேசட்டும். லூப் தப்பு என்பான் ஒருவன். பின்னால் ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்பாள் ஒருத்தி. முதலில் ஓடியதால் வேகம் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். ஒவ்வொன்றையும் அங்கேயே சோதியுங்கள். எது முதலில் ஓடுகிறது என்பதை முன்னே பின்னே மாற்றி ஓட்டிக் காட்டுங்கள். கால் மணி நேரம் போனாலும் போகட்டும், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இத்தனையும்.

பிறகு போர்டுக்கு வாருங்கள். சி மொழியில் ஒரு வரிசையின் எண்கள் மெமரியில் அடுத்தடுத்து இருக்கும். ப்ராசஸர் ஓர் எண்ணைக் கேட்டால் அந்த 4 பைட் மட்டும் வராது, ஒரு கேஷ் லைன் முழுதாக வரும். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் அது 64 பைட், அதாவது 16 எண்கள். வரிசையாகப் போனால் ஓர் எண்ணுக்காகப் போனதில் மற்ற 15-ம் கூடவே வந்து காத்திருக்கும். நெடுவரிசையாகப் போனால் 16-இல் ஒன்றைத் தொட்டுவிட்டு 16 கிலோபைட் தள்ளிக் குதிக்கிறோம். மீதி 15 வேண்டியிருக்கும்போது அந்த லைன் ப்ராசஸரை ஒட்டிய கேஷை விட்டு வெளியேறியிருக்கும். ரேம் வரை போய்வர 100 நானோ செகண்ட் அளவுக்கு ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது சுமார் 300 க்ளாக் துடிப்பு. அந்தக் கணக்கை நீங்கள் போடாமல் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

வீட்டு உவமை நல்ல உவமைதான். ஐந்தாவது யூனிட்டில் எடுங்கள், ஆனால் ஓர் இடத்தில் உதைக்கும். இரண்டாம் கட்டு அண்டாவை வளவுக்குக் கொண்டுவந்தால் இரண்டாம் கட்டில் அண்டா இருக்காது. கேஷுக்கு வருவதோ நகல், ரேமிலும் அது அப்படியே இருக்கும். அதனால்தான் ஒன்றை மாற்றினால் மற்றதை எப்போது மாற்றுவது என்ற தலைவலியே வருகிறது. ரைட்-த்ரூ (உடனே ரேமிலும் எழுதுவது), ரைட்-பேக் (லைன் கேஷை விட்டுப் போகும்போது எழுதுவது) இரண்டும் அந்தத் தலைவலிக்கு வைத்தியம். இதைச் சொல்லிவிட்டு உவமையைப் பயன்படுத்தினால் குழப்பம் வராது.

வரலாற்றில் ஒரே ஒரு நாள் போதும்: 1948 ஜூன் 21, மான்செஸ்டர் பல்கலைக்கழகம். பேபி என்று பேர் வாங்கிய மெஷின். 32 பிட் அளவில் 32 இடம், மொத்த மெமரியே 128 பைட். புரோகிராமும் அதற்குள்ளே, டேட்டாவும் அதற்குள்ளே. மின்னணு மெமரியில் வைத்த புரோகிராம் முதன்முதலாக ஓடியது அன்றுதான். வான் நாய்மன் என்ற கணித மேதை 1945 அறிக்கையில் எழுதிய கம்ப்யூட்டர் அமைப்பைப் பெட்டி பெட்டியாக வரைந்து மனப்பாடம் செய்கிறார்களே, அந்தப் படத்தை இந்த 128 பைட்டுக்குப் பிறகு போடுங்கள்.

தேவகோட்டைக்காரன்:

வணக்கம் மேடம், வணக்கம் ஐயா. பெங்களூரில் சிப் வெரிஃபிகேஷன் வேலையில் இருக்கிறேன். ஐயா சொன்ன சோதனை பிரமாதம். ஆனாலும் மூன்றாவது யூனிட் இன்ஸ்ட்ரக்‌ஷன் பற்றியது, அதனால் நான் இந்த ஒரு வரியோடு தொடங்குவேன்:

000000001010 00000 000 00101 0010011

ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பில் இதற்கு அர்த்தம், ஐந்தாம் ரெஜிஸ்டரில் 10-ஐப் போடு. வலது கோடியில் இருக்கும் 7 பிட் என்ன வகை இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று சொல்கிறது. அதை ஒட்டிய 00101 விடை போய்ச் சேர வேண்டிய ரெஜிஸ்டர். 000 என்றால் அந்த வகைக்குள் கூட்டல். 00000 பூஜ்ஜியமாவது ரெஜிஸ்டர், அதில் எப்போதும் 0தான் இருக்கும். இடது கோடி 12 பிட்டில் 10. ஆக, பூஜ்ஜியத்தோடு பத்தைக் கூட்டி ஐந்தாவதில் வை.

இதைப் பிரித்துக் காட்டிவிட்டு, ரெஜிஸ்டர் ஏன் 32, 64 வைத்தால் என்ன என்று கேளுங்கள். ரெஜிஸ்டர் எண்ணுக்கு 5 பிட்தான் இருக்கிறது. 6 ஆக்கினால் வேறு யாரிடமிருந்தாவது பிட்டைப் பிடுங்க வேண்டும். 10-க்குப் பதில் 5000 போட வேண்டுமென்றால்? 12 பிட்டில் -2048 முதல் 2047 வரைதான் அடங்கும், அதனால் இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் தேவைப்படும். எந்தப் பிட்டை யாருக்குக் கொடுப்பது என்று உட்கார்ந்து அடித்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். அந்தச் சுவை பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரிய வேண்டும்.

வேலைக்கு ஆகுமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது, லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் சக்தி, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் வேகா இரண்டு ப்ராசஸரும் அதன் மேல் எழுந்தவைதான். நம்ம பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருக்கிறது மேடம், அடித்துச் சொல்லுங்கள்.

மூணாம் வருஷம்:

மேடம், போன வருஷம்தான் இந்தப் பேப்பர் எழுதினேன், நானும் தமிழ் மீடியம். எங்களுக்குப் பாடம் கஷ்டமாக இல்லை, ஒரே பீரியடில் கொட்டுகிற புது வார்த்தைகள்தான் மலைப்பாக இருந்தன. பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் பேரெல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஏன், எதற்கு என்பதை மட்டும் தமிழில் சொல்லுங்கள். அப்புறம், அந்த புரோகிராமை வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் எங்களுக்குள் சண்டை போடுவோம்.

காரைக்குடி டீச்சர்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. திங்கள் அரே சோதனை, செவ்வாய் அந்த 32 பிட் வரி என்று முடிவு செய்துவிட்டேன். ஐயா, என்னிடம் விண்டோஸும் ஜிசிசி கம்பைலரும் இருக்கிறது. பிள்ளைகள் முன்னால் ஒழுங்காக ஓட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

செக்காலை வாத்தியார்:

நல்ல முடிவம்மா. தம்பி எழுதிய வரி அருமை, இரண்டாம் நாளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அரேயை மெயினுக்கு வெளியே குளோபலாக வையுங்கள். அது 64 மெகாபைட், மெயினுக்குள் வைத்தால் அது போகிற ஸ்டாக் என்ற இடம் விண்டோஸில் வழக்கமாக ஒன்றிரண்டு மெகாபைட்தான். நேரம் எடுப்பதற்கு முன்பே எல்லா இடத்திலும் 1-ஐ நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓஎஸ் மெமரியை ஒதுக்கிக் கொடுக்கும் நேரமும் முதலில் ஓடுகிற லூப்பின் தலையில் விழும். 1 போட்டால் இன்னொரு வசதி, இரண்டு முறையும் விடை 16777216 என்று வர வேண்டும். அதைக் கட்டாயம் பிரின்ட் செய்யுங்கள். ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் தானே புரோகிராமைத் திருத்துவது) எதுவும் போடாதீர்கள். போட்டால், பிரின்ட் செய்யாத கூட்டுத்தொகை என்றால் கம்பைலர் லூப்பையே தூக்கிவிடும், ஓ3 என்ற உயர்ந்த நிலையைப் போட்டால் லூப்பைத் தானே இடம் மாற்றினாலும் மாற்றும்.

துடிப்பான பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: நெடுவரிசையை 4112 ஆக்கி ஓட்டச் சொல்லுங்கள். எண்கள் கூடியும், நெடுவரிசைக் கூட்டல் பல மெஷின்களில் முன்பைவிடச் சீக்கிரம் முடியும். சரியாக 16 கிலோபைட் குதிக்கும்போது எல்லா லைனும் கேஷில் ஒரு சில செட்டுகளிலேயே (ஒரு சில லைன்கள் மட்டும் தங்கும் சிறு பிரிவுகளிலேயே) போய் முட்டிக்கொள்கிறது. 16 எண்கள் கூடினால் ஒவ்வொரு வரிசையும் பக்கத்து செட்டுக்கு நகர்ந்துவிடும். காரணத்தை செட் அசோசியேட்டிவ் கேஷ் நடத்தும்போது சொன்னால் போதும்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள். பேட்டரியில் க்ளாக் இறங்கி, ஒவ்வொரு தடவையும் நேரம் வேறு வேறாக வரும்.