பென் டிரைவைக் கண்டுபிடித்த நாடு எது? மூன்று அணி, மூன்று பதில்

வினாடிவினா செல்வி:
எங்கள் அலுவலக வினாடி வினாவை நடத்துவது நான்தான். நேற்று இந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். ஒரு அணி இஸ்ரேல் என்றது, இன்னொன்று சிங்கப்பூர், மூன்றாவது சீனா. என் அட்டையில் இஸ்ரேல் என்றிருந்ததால் 10 மதிப்பெண்ணை அந்த அணிக்குப் போட்டேன். மற்ற இரண்டு அணிகளும் போனைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டன. மூன்று பேர் கையிலும் காப்புரிமை எண் இருக்கிறது! ஒரே பொருளுக்கு இது எப்படி? வழக்கு வேறு நடந்ததாமே, யார் ஜெயித்தார்கள்?

கோப்புப்புழு:
காப்புரிமைக் கோப்புகளைத் தேடிப் படிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவில் விண்ணப்பித்தது. சீன நிறுவனமான நெட்டாக் தன் நாட்டில் விண்ணப்பித்தது அதே வருடம் நவம்பரில். சிங்கப்பூரின் டிரெக் வந்தது 2000 பிப்ரவரியில். தேதியை மட்டும் பார்த்தால் உங்கள் அட்டை சரிதான்.

ஆனால் ஒன்று. அன்றைய அமெரிக்க விதிப்படி, காப்புரிமை கிடைக்கும் வரை விண்ணப்பம் ரகசியம். எம்-சிஸ்டம்ஸுக்கு அது கிடைத்தது 2000 நவம்பர் 14ல். டிரெக் விண்ணப்பித்த நாளில் அந்தக் கோப்பை வெளியாள் யாரும் பார்த்திருக்க முடியாது.

அடுத்தது, காப்புரிமையில் தலைப்பை விடுங்கள், கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக் கோரல்களை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்ற வரிகளைப் படியுங்கள். உயிர் அங்கேதான். டிரெக் கோரியது 'பென் டிரைவ்' என்ற பொருளை அல்ல. ஒரே உடலாக, நடுவில் கேபிள் இல்லாமல், யுஎஸ்பி முனை உடலோடு சேர்ந்திருந்து, கணினியில் நேரடியாகச் செருகக்கூடிய சாதனத்தை. 'கேபிள் இல்லாமல்' என்ற அந்தச் சின்னச் சொல்லை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

எம்-சிஸ்டம்ஸ் உட்படச் சில நிறுவனங்கள் மீது டிரெக் சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு, 'இதில் புதுமையே இல்லை, காப்புரிமையை ரத்து செய்யுங்கள்' என்றது. 2005ல் டிரெக் ஜெயித்தது, மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

ஃப்ளாப்பிக்காரன்:
அப்படியென்றால் சிங்கப்பூர் அணிக்குத்தான் 10 மதிப்பெண். பென் டிரைவுக்கு 'தம்ப் டிரைவ்' என்ற பெயரே டிரெக்குடையதுதானே?

கோப்புப்புழு:
பெயர் அவர்களுடையதுதான். ஆனால் மதிப்பெண்ணில் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் டிரெக்கின் காப்புரிமை ஒன்று ரத்தாகிவிட்டது. ஒரு நாட்டுக் காப்புரிமை அந்த நாட்டு எல்லையோடு சரி. பக்கத்து நாட்டு நீதிமன்றம் வேறு சட்டத்தை வைத்து, வேறு ஆவணங்களைப் பார்த்து, வேறு முடிவுக்கு வரலாம்.

சீனா அணியையும் ஒதுக்க வேண்டாம். நெட்டாக்குக்கு 2002ல் சீனாவிலும் 2004ல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. ஆமாம், எம்-சிஸ்டம்ஸுக்குக் கொடுத்த அதே அமெரிக்காதான். கோரல்கள் வேறு. அந்த அமெரிக்கக் காப்புரிமையை வைத்து 2006ல் பிஎன்ஒய் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள், 2008ல் சமரசம். அப்புறம், எம்-சிஸ்டம்ஸை 2006லேயே சான்டிஸ்க் நிறுவனம் வாங்கிவிட்டது. காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம். எல்லாம் முடிந்து போன கணக்கு.

வினாடிவினா செல்வி:
எனக்கு இன்னும் முடியவில்லையே சார்! கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது மூன்று அணியும் சமநிலை. அதற்குப் பதிலாக, பென் டிரைவுக்குள் தகவலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்கட்டுமா? தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. அதிலாவது தகராறு இல்லையே?

கோப்புப்புழு:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவரும் நீதிமன்றம் போனவர்தான். கண்டுபிடிப்புக்கு உரிய பணம் தரவில்லை என்று தோஷிபா மீதே வழக்கு. 2006ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது.