கேமராவுக்கு எதிரில் நின்றவர் என்ன சொன்னார்? – அனுபவப் பகிர்வு

காட்சிக்கலை, இறுதியாண்டு, புதுச்சேரி:
படம் எடுக்கப் போன இடத்துல எதிரில் நின்றவர் சொன்ன ஒரு வார்த்தை உங்க வேலையைத் திருப்பிப் போட்டிருக்கா? லென்ஸ், ஷட்டர் பேச்சு வேண்டாம், ஆளைப் பத்திச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்துல விடியற்காலை மீன் ஏலம். ரெண்டு திரைக்கான வீடியோ. ஒண்ணுல ஏலம் விடற அம்மாக்களோட கை மட்டும், இன்னொண்ணுல ஐஸ் உடைக்கிறது. எடிட்டிங்ல ஏலச் சத்தத்தை மொத்தமா எடுத்துட்டு, அடியில ஒரு ரீங்காரம் மட்டும் விட்டோம். வீடியோ ஆர்ட்னா அப்படித்தானே இருக்கணும்!

கல்லூரிக் கண்காட்சியில வெள்ளையடிச்ச சுவர்ல அது லூப்பா ஓடுச்சு. படத்துல இருக்கிற அம்மா ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தோம். வியாபாரம் முடிச்சு நேரா வந்தாங்க. அன்னக்கூடையை வாசல்ல வெச்சுட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராம ஒரு சுற்று முழுசாப் பார்த்தாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஓட ஆரம்பிச்சதும், "இது எப்பப்பா முடியும்?"னாங்க. முடியாதும்மா, திரும்பத் திரும்ப ஓடும்னு சொன்னோம். "அப்ப என் வஞ்சிரம் விக்கவே விக்காதா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க. "என் வாய் எங்க? கை மட்டும் ஆடுது. நான் விலை ஏத்தினதே கேக்கல. பாக்கறவன் நான் பிச்சை கேக்கறேன்னு நெனைப்பான்."

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து ஏலத் திரைக்குச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஐஸ் திரை ஊமையாவே இருந்துச்சு. "டாக்குமெண்டரி ஆயிடுச்சே"ன்னு ஒரு சார் முகம் சுளிச்சாரு. சுளிக்கட்டும்.

ஓவியப் பிரிவு, முன்னாள் மாணவி:
ஊமையா விட்டதே தப்புன்னு யாரும் முடிவு கட்டிடாதீங்க. 1963-ல ஜெர்மனியில வுப்பர்டால்ங்கற ஊர்ல, வீடியோ ஆர்ட்டுக்கு முன்னோடியான நாம் ஜூன் பைக்ங்கற கொரியக் கலைஞர் டிவிப் பெட்டிகளைக் குலைச்சுப் போட்டு கண்காட்சி வெச்சப்ப, திரையில தெரிஞ்சவங்க யாரும் கூடையோட வாசல்ல வந்து நிக்கலை. நம்ம ஊர்ல நிப்பாங்க. அதனால கணக்கு வேற.

ஒளிப்படம், இரண்டாமாண்டு, கடலூர்:
தேவனாம்பட்டினம் கடற்கரையில வலையைக் குளோசப்ல எடுத்துட்டு இருந்தேன். நைலான் நூலு, மிதவை, காலை வெயில், அழகா இருந்துச்சு. பின்னாடி ஒரு அண்ணன் வந்து நின்னு, "யாரு அனுப்பினா?"ன்னாரு. காலேஜ்னு சொன்னேன், ஐடி கார்டைக் காட்டினேன். நம்பலை. "வலைய மட்டும் எடுத்துக்கினு போறியே, இது சுருக்குமடியான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நீ இன்னா சொல்லுவ?"

எனக்குப் பதில் தெரியலை. சுருக்குமடின்னா மீன் கூட்டத்தையே வளைச்சு, அடியைச் சுருக்கி அள்ளற பெரிய வலை. தமிழ்நாட்டுல 2000-லேயே அதுக்குத் தடை வந்தாச்சு. அதை வெச்சு இந்தக் கரையோரத்துல கிராமத்துக்குக் கிராமம் சண்டையே நடந்திருக்கு. நமக்கு அது டெக்ஸ்ச்சர். அவங்களுக்கு வழக்கு. அந்த அண்ணனே அப்புறம் உட்கார்ந்து எது எந்த வலைன்னு காட்டினாரு. இப்ப அந்த வரிசையில ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வலையோட பேரு இருக்கு. சில வலையை எடுக்க வேண்டாம்னாரு, எடுக்கலை.

முன்னாள் மாணவர், அரியாங்குப்பம்:
ஷட்டர் பேச்சு வேண்டாம்னு சொன்னாலும் கொஞ்சம் பேசிக்கிறேன். பண்ருட்டி பக்கம் கூத்து, ராத்திரி பூரா எல்இடி விளக்கு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 இல்லேன்னா 1/100 நொடியில வெச்சா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம், மத்தபடி வீடியோவுல பட்டை பட்டையா ஓடும். இதையெல்லாம் சரி பண்ணிக்கிட்டு, அரிதாரம் பூசற இடத்துக்குள்ள நுழைஞ்சேன். பாதி முகத்துல சிவப்பு, மீதி வெறும் முகம். கலைக் கல்லூரிப் பசங்க எல்லாருக்கும் இந்த ஷாட் மேல ஒரு பைத்தியம் உண்டு.

அவரு கண்ணாடியில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாரு: "இப்ப நான் துரியோதனனும் இல்ல, காலையில பஸ்ஸுக்கு நிக்கற ஆளும் இல்ல. ரெண்டுல ஒண்ணு ஆன பொறவு எடு தம்பி."

ரெண்டையும் எடுத்தேன். கிரீடத்தோட ஒண்ணு, விடிஞ்சப்புறம் பஸ் ஸ்டாப்புல ஒண்ணு. பஸ் ஸ்டாப் படம்தான் நல்லா வந்துச்சு, ஆனா அவரு வீட்டுக்குக் கேட்டது கிரீடப் படம்.

காட்சித் தொடர்பியல், முதலாண்டு:
ஃபெஞ்சல் புயல் சமயம், 2024 டிசம்பர் முதல் நாள். புதுச்சேரி ரெயின்போ நகர்ல முழங்காலுக்கு மேல தண்ணி. பால்கனியில இருந்து ஒரு அக்கா கத்தினாங்க: "எடுக்கறதெல்லாம் எடு, மொதல்ல வந்து இந்த பீரோவ ஒரு கை புடி." புடிச்சேன். பீரோவோட இருக்கற படம் என்கிட்ட இல்லை.

ஒளிப்படம், முன்னாள் மாணவர், கடலூர் ஓ.டி.:
எங்க பக்கத்துல ஒரு பழைய ஸ்டுடியோ இருந்துச்சு. வெச்சிருந்த பெரியவர்கிட்ட என் போர்ட்ரெய்ட் வரிசையைக் காட்டினேன். வெயில்ல காஞ்ச முகங்க, ஒவ்வொரு தழும்பும் தெரியற மாதிரி கருப்பு வெள்ளை. கிளாஸ்ல பாராட்டின படங்க. அவரு மெதுவா ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு, "காசு குடுத்து வந்தவங்கள இப்படி அனுப்பினா அடுத்த பொங்கலுக்கு வருவாங்களா?"ன்னு கேட்டாரு.

அவங்க காலத்துல அம்மைத் தழும்பை நெகட்டிவ்லயே பென்சிலால மூடுவாங்களாம். நெகட்டிவ்ல பென்சில் பட்ட இடம் பிரிண்ட்ல வெளுக்கும். கூர் சீவின பென்சில், புள்ளி புள்ளியா, கோடு தெரியக் கூடாது. எடுத்துக் காட்டினாரு, கை இன்னும் நடுங்கலை. மீதி நெகட்டிவ் எல்லாம் வெள்ளிக்காக எடைக்குப் போயிடுச்சாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல இந்த மாதிரி பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைச் சேகரிச்சு டிஜிட்டலாக்கி வெச்சிருக்காங்க. நாம "உண்மையான முகம்"னு பேசறதுக்கு முன்னாடி அதைப் பார்க்கணும். ஸ்டுடியோவுக்கு வந்தவங்க எப்படித் தெரியணும்னு அவங்களேதான் முடிவு பண்ணியிருக்காங்க.

காட்சிக்கலை, இறுதியாண்டு, புதுச்சேரி:
கடைசியா ஒரு சந்தேகம். எடுத்த படத்தை எல்லாருக்கும் எப்படிக் குடுக்கறீங்க? வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னா தலையை ஆட்டறாங்க, ஆனா நம்பர் தர மாட்டேங்கறாங்க.

முன்னாள் மாணவர், அரியாங்குப்பம்:
4x6 பிரிண்ட் போடு. நேர்ல போய்க் குடு. கல்யாணக் களை இருக்கற படமாப் பார்த்துப் போடு, உனக்குப் புடிச்சதை நீ வெச்சுக்க.