மறு: "ஃபசெட்" என்பதற்குத் தமிழில் என்ன? – மலையகப் பழைய கார்ப் படத் தொகுப்புக்காக

எல்லாருக்கும் வணக்கம்.

தேடும்போது படங்களை நிறம், ஊர், ஆண்டு என்று பிரித்துக் காட்டும் ஒவ்வொரு வரிசையையும் ஆங்கிலத்தில் "ஃபசெட்" (facet) என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். முகம், பட்டை, கோணம், கூறு, நிரை. தனித்தனியாக எடுத்தால் எதிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சொல் போய் உட்காரப்போவது கைப்பேசித் திரையில், பெருவிரலால் தொடுகிற இடத்தில். அங்கே வைத்துப் பார்த்தால் ஐந்தும் எங்கேயாவது இடிக்கின்றன. என் பரிந்துரை "வாரி". ஊர்வாரி, நிறவாரி, ஆண்டுவாரி என்று நாம் ஏற்கெனவே பேசுகிற அதே வாரிதான்.

பிந்திச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று பல ஊர்களில் பழைய கார்களைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஃபோக்ஸ்வேகன் பீட்டில், தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் என்று அவர்களிடம் உள்ள வண்டிகளின் படங்களைச் சேர்த்து, தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைப்பதுதான் வேலை. படம் சேர்ப்பது பெரிய பாடில்லை. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் போனால் படமாக வந்து குவியும். 1934 இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியும் அந்தப் பக்கம்தான். குவிந்ததில் வேண்டியதை எடுப்பதுதான் பாடு.

முதலில் எல்லாரும் கோப்புறைதான் போடப் பார்ப்பார்கள்: மொரிஸ் ஒரு கோப்புறை, ஒஸ்டின் ஒரு கோப்புறை, உள்ளே மொடல். 1959 இல் வந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் ஒக்ஸ்போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டும் பினின்ஃபரீனா வரைந்த ஒரே உடல், முன் கிரில்லும் பெயரும்தான் வேறு. உருவம் ஞாபகமிருந்து பெயர் மறந்தவர் எந்தக் கோப்புறையைத் திறப்பார்? இலங்கையில் உபாலி நிறுவனம் பொருத்தி விற்ற உபாலி பியட்டை உபாலிக்குள் வைப்பதா, பியட்டுக்குள் வைப்பதா? "மரச்சட்டம் வைத்த மொரிஸ் மைனர்" என்று ஒருவர் தேடினால் அது ட்ரவலர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? கோப்புறைக்கு ஒரே வாசல். போகிறவர்களோ ஆளுக்கொரு பக்கத்தில் இருந்து வருகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பு, மொடல், வடிவம், நிறம், ஆண்டு, ஊர் என்று தனித்தனியே விவரம் எழுதிவைத்து, பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் இருந்தும் நுழையும்படி செய்கிறோம். பச்சை என்று தொட்டால் பச்சை வண்டிகள் மட்டும் நிற்கும். அடுத்து ஹட்டன் என்று தொட்டால் ஹட்டனில் உள்ள பச்சை வண்டிகள். ஒரே வரிசைக்குள் இரண்டைத் தொட்டால், பச்சையும் நீலமும் என்று வைத்துக்கொள்வோம், இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். வேறு வேறு வரிசைகளில் தொட்டால் எல்லாமே பொருந்த வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை படம் என்று எண்ணிக்கை இருக்கும், ஒவ்வொரு தொடுகைக்கும் அது மாறும், ஒன்றுமே மிஞ்சாத தெரிவு மறைந்துவிடும். வெறும் பக்கத்தில் போய் முட்டிக்கொள்ளாமல் காப்பது இந்த எண்ணிக்கைதான். அந்த ஒவ்வொரு வரிசைக்கும்தான் பெயர் தேடுகிறோம்.

இதை வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஃபசெட் என்ற கருத்தை நூலகத் துறையில் நிலைநிறுத்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924 இல் லண்டனுக்குப் படிக்கப் போனவர், அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே பட்டிகளையும் ஆணிகளையும் மாற்றிமாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொருளாகிறதே என்று யோசித்ததில் இருந்து வளர்ந்ததுதான் 1933 இல் அச்சான கோலன் பகுப்பு முறை. புத்தகத்துக்கு முன்கூட்டியே ஒரு பொந்து ஒதுக்காமல், பொருள், இடம், காலம் என்று தனித்தனியாகக் குறித்துக் கடைசியில் பூட்டுவது. நம் கார்ப் படங்களுக்குச் செய்யப்போவதும் அதுதான். கார் பொம்மை செய்கிற பெட்டியில் இருந்து வந்த யோசனை கார்ப் படத்துக்கே திரும்பி வருகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> இரத்தினக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது என்கிறோம். ஃபசெட் என்பதன் முதல் அர்த்தமே அதுதான். பட்டை என்றே வைக்கலாம்.

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, இரத்தினபுரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை மறுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் திரையில் பட்டை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்துவிட்டோம். கருவிப்பட்டை, பட்டிப்பட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தேடல் பட்டை. "பட்டைத் தேடல்" என்று எழுதினால் மேலே உள்ள பெட்டியில் தட்டச்சுச் செய்வது என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள்.

> பன்முகத் தேடல். காதுக்கும் நன்றாக இருக்கிறது, பன்முக ஆளுமை என்று பழகிய சொல்லும் கூட.

காதுக்கு இதுதான் முதலிடம். இது கட்டுரைத் தொகுப்பாக இருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். இங்கே படம். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தை மறைக்கும் பொத்தான் அதே திரையில் இருக்கிறது. பன்முகத்தை ஒருமையாக்கினால் "முகம்" என்று வரும். "முகத்தைத் தெரிவுசெய்க" என்று ஒரு பக்கம், "முகத்தை மறைக்க" என்று இன்னொரு பக்கம் இருந்தால் என்ன ஆகும்? போதாததற்கு, காரின் முன்பக்கத்தையே முகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கோணமும் இதே காரணத்தால் விழுகிறது. படம் பிடித்த கோணம் என்றுதான் அர்த்தம் போகும். கூறு பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. உதிரிப்பாகம் தேடி வருகிறவர் ஏமாறுவார்.

> தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பதுபோல, படங்களை நிரையாகப் பிரிக்கிறோம். நம்முடைய சொல் ஒன்று கணினிக்குள் போகட்டுமே.

இதை எழுதிய தங்கச்சியின் ஆசைதான் எனக்கும். ஆனால் ஒரு தேயிலைச் செடி ஒரே நிரையில்தான் நிற்கும். பத்தாம் நம்பர் மலையில் நிற்கிற செடி அதே நேரத்தில் பன்னிரண்டாம் நம்பர் மலையிலும் நிற்காது. நம் படம் பச்சையிலும் நிற்கும், ஹட்டனிலும் நிற்கும், 1956 இலும் நிற்கும். நிரை என்றால் மறுபடி கோப்புறைக்கே போய்விடுகிறோம். அட்டவணையின் வரிசைக்கு நிரை என்று பள்ளிக் கணிதத்திலும் இருக்கிறது. அதனால் சொல் கணினிக்குள் போகாமல் இல்லை, வேறு வாசலால் முன்பே போய்விட்டது.

இனி வாரி. மாவட்டவாரியாக முடிவுகள், தோட்டவாரியாகக் கணக்கு, வகுப்புவாரியாகப் பிள்ளைகள். ஒரே தொகுதியை இன்று இப்படிப் பிரிக்கலாம், நாளை அப்படிப் பிரிக்கலாம், பிரித்ததால் எதுவும் இடம் மாறிவிடாது என்ற கருத்து அந்த ஒட்டுக்குள்ளேயே இருக்கிறது. கராஜில் வேலை செய்கிற பொடியனிடம் திரையைக் காட்டி "நிறவாரி" என்ற இடத்தைத் தொடு என்றால் விளக்கம் கேட்கமாட்டான். வாரி இரண்டே எழுத்து என்பதால் சின்னத் திரையில் இடமும் மிச்சம்.

> வாரி தமிழ் இல்லையே. ரயத்துவாரியில் வருகிற வாரி அல்லவா? வழி என்று வைத்தால் என்ன?

ஆமாம், அதே வாரிதான். ரயத்துவாரி என்ற பழைய நிலவரி முறையின் கணக்கோடு வந்து தமிழில் ஒட்டிக்கொண்டது. வந்த வழி பிடிக்காவிட்டால் காரையும் மகிழுந்து என்று எழுத வேண்டிவரும். மலையகத்தில் நான் மகிழுந்து என்று சொல்லி ஏறிய ஒருவரையும் பார்த்ததில்லை. "வழி" நல்ல சொல், ஆனால் "ஊர்வழி" என்றால் ஊருக்குப் போகும் பாதை ஆகிறது, "ஆண்டுவழி" என்றால் ஒன்றுமே ஆகவில்லை.

வாரி என்றால் தலை வாருவது, அள்ளி வாருவது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். "பல்வாரித் தேடல்" என்று எழுதினால் சீப்பு ஞாபகம் வரும் என்பது உண்மைதான், சிரித்தும்விட்டேன். அதனால் முழுத் தொடரை "பலவாரித் தேடல்" என்று எழுதுவோம். திரையில் வாரி ஒருபோதும் தனியாக நிற்காது, முன்னால் ஒரு பெயர் இருக்கும். தனியாக வருவது செய்நிரல் ஆவணங்களில் மட்டும், அங்கே வாரி, வாரிகள் என்று எழுதினால் எவரும் சீப்பை நினைக்கப்போவதில்லை. வாரிக்குள் இருக்கும் பச்சை, நீலம் போன்றவற்றைப் பெறுமானம் என்று ஒருவர் சொன்னார். கணிதப் பாடம் மணக்கிறது. "தெரிவு" போதும்.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது எதை வாரியாக்குவது என்பதுதான். ஆண்டையே எடுங்கள். வண்டி தயாரான ஆண்டு, இலங்கையில் பதிந்த ஆண்டு, படம் எடுத்த ஆண்டு என்று மூன்று இருக்கின்றன. கமெரா தானாக எழுதிவைப்பது மூன்றாவதை மட்டும். அதை அப்படியே ஆண்டுவாரியில் போட்டால் மொரிஸ் மைனர் எல்லாம் போன வருடத்து வண்டியாகிவிடும். தயாரிப்பு ஆண்டைத்தான் வைக்க வேண்டும், தெரியாவிட்டால் ஒரு கால அளவை. மைனரின் முன் கண்ணாடி 1956 வரை இரண்டு துண்டு, அதற்குப் பிறகு ஒரே துண்டு. படத்தைப் பார்த்தே அந்த அளவுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் பழுதுபார்க்கும்போது பாகம் மாற்றியிருக்கலாம். 90களில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு இது, மாற்றத் தெரியாதா என்ன.

இலக்கத்தகடு வாரி ஆகாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வோர் இலக்கம், பட்டியலிட்டால் முடிவே இல்லை, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் எண்ணிக்கை ஒன்று என்றுதான் இருக்கும். ஆனால் தகட்டின் வகை வாரி ஆகலாம்: பழைய ஆங்கில எழுத்து, ஸ்ரீ, கோடு போட்ட இலக்கம், மாகாணக் குறி. 1957, 58 இல் தகட்டில் வந்த அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்துக்காக நாட்டில் நடந்த எதிர்ப்பையும் கலவரத்தையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு இது வெறும் தகடு இல்லை என்று தெரியும். அப்புறம், தமிழில் ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்டச்சலாம். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005 இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு வேறு வேறு எழுத்து. ஒன்றாக்கிவைக்காவிட்டால் பாதிப் படங்கள் தேடலில் அகப்படாது. ஊர்ப்பெயருக்கும் இதே கதை: ஹட்டன், அட்டன், நுவரெலியா, நுவரேலியா. ஊர்வாரியில் ஒரு பெயர்தான் காட்ட வேண்டும், மற்றதைத் தட்டினாலும் அதற்கே போக வேண்டும்.

ஊருக்கு மேல் துல்லியம் வேண்டாம் என்பதும் என் கருத்து. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு ஒளிந்திருக்கும். பதிவேற்றும்போதே அதை அழித்துவிட வேண்டும். பழைய வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்ல நாம் யார்? தகட்டின் இலக்கத்தையும் உரிமையாளர் சொன்னால் மட்டும் காட்டலாம்.

ஆக, திரைக்கு நான் எழுதிவைத்திருப்பது: தயாரிப்புவாரி, மொடல்வாரி, ஆண்டுவாரி, நிறவாரி, ஊர்வாரி, தகட்டுவாரி. உபாலி பியட் போன்றவை தயாரிப்புவாரியில் இரண்டு பெயரிலும் நிற்கட்டும், அதற்குத்தானே இந்த முறை.

முடியாமல் நிற்பது ஒன்று. இரண்டு கதவா, நான்கு கதவா, ட்ரவலரா, வேனா, பிக்கப்பா என்கிற வாரிக்கு என்ன பெயர்? உடல்வாரி என்றால் வைத்தியசாலை மாதிரி இருக்கிறது. கராஜில் பொடி (body) என்கிறார்கள், ஆனால் "பொடிவாரி" என்று எழுதினால் மிளகாய்த்தூள்தான் ஞாபகம் வரும். இப்போதைக்கு வடிவவாரி என்று போட்டிருக்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. டிங்கரிங் வேலை செய்கிறவர்கள் யாராவது பழக்கமாக இருந்தால், இரண்டு கதவு மைனரையும் ட்ரவலரையும் காட்டி இது எதில் வித்தியாசம் என்று கேளுங்கள். அவர்கள் வாயில் முதலில் வருகிற சொல்லை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனில் இருந்து