சிங்கப்பூர் – நியூயார்க்: என்னுடைய ஒரு சனிக்கிழமையைக் காணோம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை எங்கும் நிற்காமல் போகிற விமானத்தில் ஜூன் மாதம் மகளைப் பார்க்கப் போய் வந்தேன். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். மதியம் கிளம்பி, இடையில் ஒரு குட்டி இரவைத் தாண்டி, திரும்ப வெயிலைப் பார்த்து, இறங்கினால் அங்கே அதே தேதி, சாயங்காலம்! ஒரே நாளில் இரண்டு மதியம். கால் வீங்கி ஒரு செருப்பு உள்ளே போகவே இல்லை, கையில் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

திரும்பும்போதுதான் கூத்து. வெள்ளி இரவு பத்தரைக்கு விமானம். பத்தொன்பது மணி நேரத்தைக் கூட்டி, "சனி சாயங்காலம் வந்துவிடுவேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் ஓடுவதைச் சேர்க்க மறந்துபோச்சு. அவன் சனிக்கிழமை சாங்கியில் வந்து காத்திருக்கிறான், நான் அப்போதுதான் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவை எட்டிக்கொண்டிருக்கிறேன். இறங்கியது ஞாயிறு விடியற்காலை. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். போகும்போது திரையில் விமானம் ஜப்பான் பக்கமாக ஏறி வடபசிபிக்கைக் கடந்தது. வந்த வழியே திரும்பும் என்று நினைத்தால், அட்லாண்டிக், ஐரோப்பா என்று அதுவும் கிழக்கே பார்த்துத்தான் வந்தது. உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டேன் போல. இது எப்படி, யாராவது சொல்லுங்கள்.

—

அக்கா, எல்லாம் காற்று செய்கிற வேலை. மேலே பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் இந்த இரண்டு ஊருக்கும் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது, அதனால் பசிபிக் பக்கம் போனாலும் அட்லாண்டிக் பக்கம் போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிற பக்கம்தான் லாபம், கொஞ்சம் சுற்றினாலும் எரிபொருளும் நேரமும் மிச்சம்.

நான் பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனவன். நீங்கள் போன ஏ350 விமானத்தில் மொத்தமே 161 இருக்கை, சாதாரண எக்கானமியே கிடையாது, அந்த டிக்கெட் விலையைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறினதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். ஆனால் நடுவில் இரண்டு மணி நேரம் காலாற நடந்தேன், ஷூ சரியாகவே போட முடிந்தது!

—

தம்பி, செருப்பு விஷயத்தை விடுங்கள். அடுத்த முறை பிராங்க்ஃபர்ட்டா என்று யோசிக்கிறேன், ஆனால் பதினெட்டு மணி நேரம் ஒருத்தரும் போன் பண்ணாமல் தூங்கின சுகத்தை விடவும் மனசு வரவில்லை.